பழுப்பு முடிக்கு எந்தச் சிவப்பு?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிறவியிலேயே பழுப்பு நிற முடி, இடுப்புவரை நீளம். சாயம் எதுவும் போட்டதில்லை. கல்லூரி நாட்களில் அம்மா அரைத்து வைத்த மருதாணி மட்டும், அதுவும் கடைசியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. வேலை மருத்துவமனை ஆய்வகத்தில், வெள்ளைக் கோட்டுடன். தை மாதத்தில் தங்கைக்குத் திருமணம். ப்ளீச் செய்யாமல் சிவப்பு வர வேண்டும், ஆனால் ஆரஞ்சு தெரியக் கூடாது என்கிறீர்கள். கடையில் போய் நின்றால் பர்கண்டி, மஹோகனி, செர்ரி, காப்பர், ஒயின் என்று பெட்டிகளைப் பார்த்தே தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முடிக்கு ஆழம் 5 உள்ள (இந்த எண்ணின் பொருளைக் கீழே சொல்கிறேன்), ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுங்கள். அதாவது சிவப்பு முதன்மையாகவும் மஹோகனி துணையாகவும் இருக்கும் ஷேடு. டெவலப்பர், அதாவது சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு, 6 சதவீதம் போதும். காப்பர் பக்கம் போகவே வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் டியூபை எடுத்துக் கையில் கொடுப்பார். அதே எண்ணில் வேறு நிறம் வந்து நிற்கும்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் பார்லர் நடத்துகிறேன். அப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989இல் வட ஆற்காடு பிரிக்கப்படும்வரை எல்லாம் ஒரே மாவட்டம்தான். எங்கள் வீட்டில் இன்றும் 'நம்ம வட ஆற்காடு' என்றுதான் பேச்சு. சாயப்பட்டறையில் கச்சாப் பட்டை அப்படியே சாயத் தொட்டியில் இறக்கமாட்டார்கள். முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுப்பார்கள். வெளிர் நிறம் வேண்டுமென்றால் நூலை வெளுக்கவும் செய்வார்கள். அடிநிறம் எதுவோ அதன் மேல்தான் சாயம் உட்காரும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடி விஷயத்தில் மட்டும் இதை எல்லோரும் மறந்துவிட்டு, பெட்டியின் மேல் சிரிக்கும் பெண்ணின் தலையை நம்பிவிடுகிறோம். ஷேடு கார்டில் ஒட்டியிருக்கும் குஞ்சமும் பெரும்பாலும் செயற்கை இழைதான். அது உங்கள் முடியைப்போல் பழுப்பாக இருந்து சிவந்ததில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் பழுப்பு எவ்வளவு ஆழமான பழுப்பு என்று பார்ப்பது. முடி நிறத்தின் ஆழத்தை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள்: 1 முழுக் கருப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். நம் ஊரில் 'கருப்பு முடி' என்பதில் பாதி உண்மையில் 2 அல்லது 3. 'பழுப்பு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் 3, 4, அரிதாக 5. புளியை வைத்துப் பாருங்கள்: ஓராண்டு பானையில் கிடந்து கருத்த பழம்புளி 3, மாசியில் உலுக்கி ஓடு உடைத்த புதுப்புளி 5, இரண்டுக்கும் இடைப்பட்டது 4. பின்கழுத்துக்கு மேலே உள்முடியில் ஒரு கற்றையை எடுத்து, காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். நேர் வெயிலில் பார்க்காதீர்கள். வெயிலில் எல்லோர் முடியும் வெல்லப்பாகுபோல்தான் மின்னும். உங்கள் விவரிப்பை வைத்து 4 என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். 3 ஆக இருந்தால் என்ன செய்வது என்பதையும் இடையில் சொல்கிறேன்.

அடுத்தது, பழுப்பு முடிக்குள்ளேயே சிவப்பு இருக்கிறது என்பது. நிரந்தரச் சாயம் முடிக்குள் போகும்போது அதனோடு கலந்த பெராக்சைடு, முடியின் இயல்பான நிறமியைச் சற்றுக் கரைக்கிறது. அப்படிக் கரையும்போது கரும்பழுப்பு ஒரே தாவலில் வெளுப்பதில்லை. முதலில் செம்பழுப்பு, பிறகு சிவப்பு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்று படிப்படியாக இறங்குகிறது. பொன்னிறம் தேடுபவர்களுக்கு இந்தச் செம்மைதான் பெரும் தொல்லை. சிவப்புத் தேடும் உங்களுக்கோ இது இலவசமாகக் கிடைக்கும் மூலப்பொருள். நீங்கள் வாங்கும் டியூப் பாதிச் சிவப்பைக் கொடுத்தால் போதும், மீதியை முடியே கொடுத்துவிடும். ஆனால் இதே காரணத்தால்தான் காப்பர் தவறிப்போகிறது. காப்பர் என்பது சிவப்பும் மஞ்சளும் கலந்தது. உள்ளே கிளம்பும் செம்மையோடு அந்த மஞ்சளும் சேர்ந்தால், கார்டில் தாமிரச் சொம்புபோல் அழகாக இருந்தது தலையில் சூளைச் செங்கல்லாக வந்துவிடும். மஹோகனியில் ஊதாச் சாயல் இருப்பதால் அது ஆரஞ்சை அடக்கிச் சிவப்பைச் சிவப்பாகவே நிறுத்துகிறது. ப்ளீச் இல்லாமல் பழுப்பு முடியில் உண்மையான சிவப்பு வேண்டுமானால், ஆசைப்படும் நிறத்தைவிட ஒரு படி ஊதாப் பக்கம் தள்ளித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் பிடித்துக்கொண்ட கணக்கு.

பெயர்களை நம்பாதீர்கள். 'செர்ரி' என்று ஒருவர் விற்பதும் 'ஒயின்' என்று இன்னொருவர் விற்பதும் ஒரே நிறமாக இருக்கலாம். எனக்குப் புடவைக் கடைச் சொற்களே தெளிவாக இருக்கின்றன; பார்லருக்கு வருபவர்களிடமும் அப்படித்தான் கேட்பேன். அரக்கு வேண்டுமா, மாதுளை முத்தா, குங்குமமா, செங்கல்லா? அரக்கு என்றால் பர்கண்டி. மாதுளை என்றால் சிவப்பு-மஹோகனி. குங்குமம் என்றால் தீவிரச் சிவப்பு; அது ப்ளீச் செய்யாத நம் முடியில் ஏறவே ஏறாது, வெயிலில் மட்டும் ஒரு மினுமினுப்பாகத் தெரியும். செங்கல் என்றால் காப்பர். எது முகத்துக்குப் பொருந்தும் என்பதற்கும் இதே வழிதான். கை நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். மாநிறக் கையில் அது ஒன்றும் பிடிபடாது. அலமாரியில் இருக்கும் ஓர் அரக்குப் புடவையையும் ஒரு செங்கல் நிறப் புடவையையும் மாறி மாறித் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். எதைப் போடும்போது கண்ணுக்குக் கீழே உள்ள கருமை குறைந்து தெரிகிறதோ அந்தப் பக்கச் சிவப்பே உங்களுடையது. பெரும்பாலும் அரக்குதான் வெல்லும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி எண்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆழம். புள்ளிக்குப் பின்னால் முதலில் வருவது முதன்மைச் சாயல், அடுத்தது துணைச் சாயல். லோரியல் முறையில் 4 காப்பர், 5 மஹோகனி, 6 சிவப்பு. ஆகவே நான் சொன்ன நிறத்தை அந்த முறையில் எழுதினால் 5.65. வெல்லாவில் 4 சிவப்பு, 5 மஹோகனி, 6 ஊதா. அங்கே அதே கருத்து 5/45 என்று வரும். ஷ்வார்ஸ்காப் இகோராவில் 7 காப்பர், 8 சிவப்பு, 9 ஊதா. 6 என்றால் சாக்லேட். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் டியூபில் தேடினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். சிவப்பை நினைத்து ஆறைக் கேட்டால் ஓரிடத்தில் ஊதா வரும், ஓரிடத்தில் சாக்லேட் வரும். கடையில் எண்ணைச் சொல்லாமல், 'ஆழம் ஐந்து, சிவப்பு, துணை மஹோகனி' என்று சொல்லி, கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டு உபயோகப் பெட்டிகளில் பர்கண்டி என்று வருவது சில இடங்களில் 3.16, ஆழம் மூன்று என்பதால் உங்கள் பழுப்பைவிட அது கருமை. அதைப் போட்டுவிட்டு 'சிவப்பே தெரியவில்லை, முடி கருத்துப்போய்விட்டது' என்று வருபவர்கள் பலர். சாயத்தின் மேல் குறை இல்லை. அது சொன்ன ஆழத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

ஆழம் ஏன் 5, ஏன் 6 அல்ல என்று கேட்கலாம். 4ஆம் ஆழ முடியை 6 சதவீத டெவலப்பர் ஒரு படி உயர்த்தும், அதாவது 5க்கு. 6ஆம் ஆழ ஷேடை எடுத்தால் 9 சதவீதம் தேவைப்படும். முடி இன்னும் வெளுத்து ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். வேரில் வளரும் புதுமுடிக்கும் சாயத்துக்கும் இடையே கோடு விழும். மாதம் ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும் முடிக்கு, இரண்டு மாதத்தில் அந்தக் கோடு வகிட்டில் பளிச்சென்று தெரியும். ஒரு படி வேறுபாடு என்றால் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் முடி 3 ஆக இருந்தால் மட்டும் 9 சதவீதத்தைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் வீட்டில் அல்ல. 12 சதவீதத்தை எந்தத் தலைக்கும் நான் எடுப்பதில்லை.

மருதாணி விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. மூன்று ஆண்டு என்றால் வேரிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் புதுமுடி. இடுப்புவரை நீளம் என்றால் அதற்குக் கீழே உள்ள பகுதியில் மருதாணி இன்னும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. மருதாணியின் லாசோன் என்ற நிறமி முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்வது, கழுவினால் போவதில்லை. அம்மா வீட்டு மரத்து இலையை அரைத்திருந்தால் கவலை இல்லை. அதன் மேல் சாயம் போடலாம், நுனி மட்டும் மேலே உள்ளதைவிட ஆழமாகச் சிவக்கும். நடுவில் எப்போதாவது பாக்கெட் மருதாணியோ 'கருப்பு மெஹந்தி' பொடியோ கலந்திருந்தால் கதை வேறு. சில கலப்புப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்சைடைத் தொட்டால் சூடேறி முடி பொசுங்கவும் கூடும். ஆகவே நுனியில் உதிர்ந்த பத்துப் பதினைந்து முடியை நூலால் கட்டி, 6 சதவீத டெவலப்பரில் சில சொட்டு அம்மோனியா விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுரைத்தாலோ, சூடானாலோ, பச்சை ஓடினாலோ அந்தப் பகுதியை வெட்டாமல் சாயம் போடக் கூடாது.

இதைப் புறக்கணித்து நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். கடை திறந்த புதிதில் என் அண்ணன் மகளுக்கு 6.64 கலந்து, 9 சதவீதத்தில், வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகப் பூசினேன். அவள் இரண்டு ஆண்டாக மருதாணியோடு அவுரிப் பொடி வைத்துக்கொண்டிருந்ததைக் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை. கழுவித் துவட்டியபோது வேரில் இரண்டு அங்குலத்துக்குத் தக்காளிப்பழம்போல் ஒளிர்ந்தது. அதற்குக் கீழே மசமசவென்று ஒரு பழுப்பு. நுனி அசையாமல் கருப்பாகவே இருந்தது. சாயம் சாயத்தை வெளுக்காது என்பதும், தலையின் சூட்டில் வேர்முடி மற்ற இடத்தைவிட வேகமாகச் சாயம் பிடிக்கும் என்பதும் எனக்கு ஏட்டில் தெரிந்துதான் இருந்தன. அன்றைக்கு அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது. மறுநாள் வேருக்கு மட்டும் ஆழம் 4இல் செம்பழுப்பு வைத்து இறக்கினேன். அதிலிருந்து முதல்முறைச் சிவப்பு என்றால் வேரிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டு, நடுமுடிக்கும் நுனிக்கும் முதலில் பூசி, பாதி நேரம் கழிந்த பிறகே வேருக்குப் புதிதாகக் கலந்து வைக்கிறேன். உங்களுக்குப் பூசுபவரும் அப்படிச் செய்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நுனியில் மருதாணி இருக்கும் பகுதிக்கு 3 சதவீத டெவலப்பரில் தனியாகக் கலந்தால் இரண்டும் ஒன்றுபோல் வரும்.

பரிசோதனைக் கற்றை இல்லாமல் முழுத் தலைக்குப் போகாதீர்கள். காதுக்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில், பென்சில் அளவுக் கற்றையை எடுத்துப் பூசி, ஃபாயிலில் சுற்றி, டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் விட்டுக் கழுவுங்கள். பிறகு உலர்த்துங்கள், முழுக்க உலர்ந்த பின்னரே பாருங்கள். அப்பா புது நிறம் கலக்கும்போதெல்லாம் சுண்டுவிரல் தடிமன் நூலைத் தோய்த்துப் பிழிந்து, அடுப்பின் மேல் காட்டி உலர்த்தி, வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்ப்பார். ஈரத்தில் எதுவும் அரை மாற்று கருத்துத் தெரியும் என்பார். பார்லரின் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் சிவப்பு மங்கிப் பழுப்பாகும்; கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அதே சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகரும். வாசல் வெளிச்சத்தில் ஒருமுறையும், இரவில் மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறையும் பாருங்கள். இன்னொன்று, யாரும் சொல்லாதது: திருமணத்தன்று கனகாம்பரம் வைப்பதாக இருந்தால், காப்பர் முடியில் அந்தப் பூ காணாமல்போய்விடும், மாதுளைச் சிவப்பில் எடுப்பாக நிற்கும். மல்லிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஒவ்வாமைச் சோதனையை நீங்களே செய்துகொள்ளலாம். நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன் டையமின் அல்லது அதன் உறவுப் பொருள் இருக்கும். பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் முழங்கை மடிப்பில், பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி வைத்துப் பாருங்கள். எப்போதாவது கல்யாண வீட்டில் கருப்பு மருதாணிக் கோன் (அதிலும் இதே பொருள் கலந்திருக்கலாம்) போட்டுக் கை தடித்து அரித்திருக்கிறதா? அப்படியென்றால் சோதனையும் வேண்டாம், சாயமும் வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

நிரந்தரச் சாயத்துக்கு மனம் துணியவில்லை என்றால், அம்மோனியா இல்லாத, இருபது இருபத்தைந்து குளியலில் இறங்கிவிடும் வகையும் இருக்கிறது. அது முடியை வெளுக்காது. ஆகவே 4ஆம் ஆழ முடியில் வெயிலில் தெரியும் ஒரு மெருகு மட்டும் கிடைக்கும். வெள்ளைக் கோட்டோடு வேலை செய்யும் உங்களுக்கு அதுவே போதும் என்று நீங்கள் நினைத்தால் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

சாயம் எதுவானாலும், சிவப்பு மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் இறங்கும். நம் ஊரில் இன்னும் சீக்கிரம். வேலூரில் பல வீடுகளில் குளிக்கக் கிடைப்பது போர் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர் முடியிலும் அதைத்தான் செய்யும், நிறத்தின் பளபளப்பைத் திரைபோட்டு மறைக்கும். குடிநீர்க் குழாயில் வருவதை ஒரு குடம் ஒதுக்கி, தலைக்குக் கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தைக் குளிரில் சுடச்சுட வெந்நீரைத் தலையில் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும், வெதுவெதுப்பே அதிகம். சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, வாரம் இரண்டு முறை. நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடும் சனிக்கிழமைக் குளியலால் என் வாடிக்கையாளர்களுக்குச் சாயம் பாதி நாளில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுக்கும் வேகத்திலேயே நிறமும் போகிறது. திருமணம் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள். அம்மா கோபித்துக்கொண்டால் என்மேல் பழியைப் போடுங்கள். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டும்போது தலைக்குத் துப்பட்டா கட்டாயம்.

நாள் கணக்கு இதுதான்: பரிசோதனைக் கற்றை திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு, முழுச் சாயம் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு. அதற்குள் இரண்டு மூன்று குளியல் ஆகி, தோலில் ஒட்டிய கறையும் மிகையான பளிச்சும் அடங்கிவிடும். பூசியபின் இரண்டு நாள் தலைக்குக் குளிக்காதீர்கள். முதல் நான்கைந்து குளியலில் சிவந்த தண்ணீர் ஓடும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் ஈர முடியோடு வெள்ளைக் கோட்டுப் போடாதீர்கள், காலரில் ஏறினால் போகாது. கருப்புத் துண்டு, பழைய தலையணை உறை. இடுப்பளவு முடிக்கு ஒரு பெட்டி போதவே போதாது. தோள்வரை முடிக்கே ஒன்று சரியாக இருக்கும், உங்களுக்கு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மீந்தால் திறக்காத டியூபாக அடுத்த டச்-அப்புக்கு ஆகும். நடுவில் தீர்ந்துபோய் யாரையாவது கடைக்கு ஓடவிட்டால் பின்தலை ஒரு நிறம், முன்தலை ஒரு நிறம்.

பரிசோதனைக் கற்றை உலர்ந்தபின் நீங்கள் நினைத்ததைவிட ஆரஞ்சாகத் தெரிந்தால் ஆழத்தை 4க்கு இறக்கி, லோரியல் முறையில் 4.65 எடுங்கள், மிகவும் அடங்கி, பழுப்பாகவே இருந்தால் ஆழத்தைத் தொடாமல் துணைச் சாயலை மட்டும் மாற்றி, சிவப்பின் மேல் சிவப்பாக வரும் 5.66 பக்கம் போங்கள். இரண்டில் எது வந்தாலும் கற்றையை வெட்டி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் எண்ணையும் டெவலப்பர் சதவீதத்தையும் நிமிடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரம் கழித்து வேருக்குப் பூசும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.